வினைமுற்று வரும் வரை

உங்களில் பெரும்பாலோர் ஜப்பானிய மொழியைத் திரையில் படித்து வந்தவர்கள். காதில் ஹெட்போன், எதிரே ஆசிரியரின் முகம். புரியவில்லை என்றால் பின்னால் தள்ளி மறுபடி கேட்கலாம். வேகமாகப் பேசினால் பாதி வேகத்தில் ஓடவிடலாம். நல்ல வசதி, குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கிடைத்திருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன். ஆனால் இனி நீங்கள் ஏதோ ஒரு தொழிற்சாலையில், இரண்டு மொழிக்காரர்களுக்கு நடுவே மொழிபெயர்ப்பாளராக நிற்கப் போகிறீர்கள். அங்கே ஒரு மனிதர் ஒரு முறைதான் கத்துவார். அந்த ஒரு முறையைப் பற்றி மட்டும் இன்று பேசலாம் என்றிருக்கிறேன். இலக்கணத்தை உங்கள் பாடங்கள் என்னைவிட ஒழுங்காகச் சொல்லித் தந்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில், கோவை கணபதியில் பம்புகளுக்கான இரும்பு உறைகளை வார்க்கும் ஒரு பவுண்டரியில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். முதலாளி ஜப்பானிலிருந்து மண் அச்சு அடிக்கும் இயந்திரம் ஒன்றை வரவழைக்க ஏற்பாடு செய்திருந்தார். அதைப் பொருத்த வரும் ஆட்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராதாம். "நம்மாளுகள்ல யாராச்சும் நாலு வார்த்த கத்துக்கிட்டா நல்லாருக்குமுங்க" என்று அவர் பொதுவாகச் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். சென்னையிலிருந்து ஒரு கேசட் தொகுப்பு வரவழைத்துக் கொடுத்தார்கள். கோவையில் சொல்லித் தர எனக்கு ஆள் யாரும் கிடைக்கவில்லை.

எங்கள் வீடு மதுக்கரையில். காலையும் மாலையும் காந்திபுரத்தில் பஸ் மாறிப் போய் வர வேண்டும். அந்தப் பயணம் முழுக்க வாக்மேனில் ஜப்பானிய மொழிதான். செல் தீரத் தீர கேசட் இழுத்துக்கொண்டே ஓடும். பேசும் பெண்மணியின் குரல் ஆண் குரலாக மாறும். குறில் எல்லாம் நெடில் போல நீளும். அந்த மொழியில் குறிலுக்கும் நெடிலுக்கும் பொருள் மாறும் என்பது உங்களுக்குத் தெரியும், நம் மொழி போலத்தான். தீர்ந்துபோன செல்லை வைத்துக்கொண்டு எது குறில், எது நெடில் என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது. ஓர் எழுத்தை அதற்கு முன்னால் வந்த எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. வேறு வழியில்லாமல் பழகிய பழக்கம். ஒரு மனிதனின் உயிர் அதில் தொங்கும் என்று அன்று யார் நினைத்தார்கள்?

இயந்திரத்தோடு வந்தவர் பெயர் மொரிதா. ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். எண்ணெய் டப்பாவை நகர்த்தச் சொல்வதற்குக்கூட முன்னால் ஒரு மன்னிப்பும் பின்னால் ஒரு நன்றியும் வைப்பார். எங்கள் எலக்ட்ரீஷியன் பொன்னுசாமி அண்ணனுக்கு அவரைப் பார்த்த நாளிலேயே பிடித்துப்போய்விட்டது. "அவுரு ஒவ்வொரு பேச்சுக்கும் கடைசியில என்னமோ ஒண்ணு சேக்கறாரே, அது நம்ம 'ங்க' மாதிரிதானுங்களா அம்மணி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப நம்ம பக்கத்து ஆளுதான்" என்றார்.

என் கேசட்டில் இருந்ததும் அந்த 'ங்க' போட்ட மொழிதான். கடையில், ரயில் நிலையத்தில், அலுவலகத்தில் எல்லாரும் மரியாதையாகவே பேசினார்கள். யாரும் யாரையும் பார்த்துக் கத்தவில்லை.

இயந்திரத்தைப் பொருத்திச் சோதித்துக்கொண்டிருந்த சமயம் அது. உங்களுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்கிறேன். மேலே ஒரு கனத்த இரும்புத் தட்டு. கீழே மண் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வெளியே கொண்டுவரும் ஒரு மேடை. மேல் தட்டு தவறி இறங்காமல் இருக்க இரண்டு இரும்புத் தாழ்ப்பாள்கள் பொருத்த வேண்டும். அவை இருந்த பெட்டி மட்டும் துறைமுகத்திலிருந்து வந்து சேரவில்லை. அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்கும் இன்னும் இணைப்புக் கொடுத்திருக்கவில்லை.

மறுநாள் பம்பு வாங்கும் பெரிய கம்பெனியின் ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது. முதலாளிக்கு அதற்குள் ஓர் அச்சாவது அடித்துப் பார்த்துவிட வேண்டும். காலையில் அதைச் சொன்னதும் மொரிதா தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை இழுத்து, "சொத்தோ..." என்று இழுத்தார். 'கொஞ்சம்' என்று பொருள்.

"என்னங்க சொல்றாரு? கொஞ்ச நேரமாகுமாமா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க. தயங்கறாருங்க. இப்பிடி இழுத்தா வேண்டாம்னுதான் அர்த்தம்."

"ஒண்ணே ஒண்ணு அடிச்சுக் காட்டட்டுமுங்க. போதும்."

நான் சொன்னேன். மொரிதா தரையைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையசைத்தார்.

முதல் அச்சு அழகாக வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். முதலாளி இன்னொன்று என்று கையைக் காட்டினார். இரண்டாவது அடிக்கும்போது மேடையின் தடத்தில் கொஞ்சம் மண் சிந்திவிட்டது. இயந்திரத்தின் முன்னால் நின்றவர் செல்வராஜ், நல்ல வேலைக்காரர். பழைய இயந்திரத்தில் செய்கிற மாதிரியே குனிந்து கையை உள்ளே விட்டு மண்ணைத் தள்ளினார். அந்த நேரம் பார்த்து மேடை நகர்ந்துவிட்டது.

அவர் போட்ட சத்தம் ஆள் சத்தம் மாதிரியே இல்லை. மணிக்கட்டு மேடைக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டியிருந்தது. உடம்பில் பாதி இயந்திரத்துக்குள். கழுத்துக்கு நேர் மேலே அந்த இரும்புத் தட்டு பாதி இறங்கிய நிலையில் நின்றிருந்தது.

அப்போது யார் யார் எங்கே இருந்தோம் என்று சொல்லிவிட வேண்டும். மொரிதா இயந்திரத்தின் பின்பக்கம், காற்றுக் குழாய்களுக்கு இடையில், இரண்டு கையாலும் ஒரு வால்வைப் பிடித்துக்கொண்டிருந்தார். பொன்னுசாமி அண்ணன் எதிர்ச் சுவரில் மெயின் சுவிட்ச் பக்கம். நான் நடுவில். கம்ப்ரஸர் இரைச்சலும் அந்தப் பக்கம் வார்ப்பைத் தேய்க்கிற சத்தமுமாகக் காது அடைத்தது.

முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பவுண்டரிக்குள் அவர் வாயிலிருந்து 'ங்க' போட்ட தமிழைத் தவிர வேறெதையும் நான் கேட்டதே இல்லை. அன்று "ஆபு! ஆபு ரா!" என்று தெலுங்கில் அலறினார். நிறுத்து என்று அர்த்தம் என்பது எல்லாருக்கும் புரிந்தது. பொன்னுசாமி அண்ணன் கை மெயின் பிடிக்குப் போய்விட்டது. வேறு என்ன தோன்றும்? ஆள் மாட்டிக்கொண்டால் கரண்டை நிறுத்துவதுதானே உலக வழக்கம்.

அப்போதுதான் மொரிதா கத்தினார். அவரிடமிருந்து அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. மன்னிப்பு இல்லை, நன்றி இல்லை, கடைசியில் சேர்க்கும் மரியாதையும் இல்லை.

"தெங்கென் கிருன!"

'தெங்கென்' என்றால் மின் இணைப்பு. 'கிரு' என்றால் துண்டிப்பது. என் காது அதுவரை கேட்டதுமே மனம் முடிவு கட்டிவிட்டது: கரண்டை நிறுத்தச் சொல்கிறார். முதலாளி சொல்வதும் அதுதான், எல்லாரும் எதிர்பார்ப்பதும் அதுதான். வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் கடைசியில் இன்னும் ஓர் எழுத்து மிச்சம் இருந்தது.

என் கேசட் பெண்மணி வேண்டாம் என்பதை 'கிரனைதெ குதசாய்' என்று நீளமாக, பணிவாகச் சொல்லுவாள். இது அது இல்லை. வினைச்சொல்லுக்குப் பின்னால் வருகிற அந்த 'ன' இரண்டு விதம் என்று கடைசிப் பாடம் ஒன்றில் போகிற போக்கில் வந்திருந்தது. 'கிரு னா...' என்று இழுத்தால் ஒரு மனிதர் தனக்குத்தானே 'நிறுத்துவாங்க போலிருக்கே' என்று முனகுவது. 'கிரு ன' என்று வெட்டினாற்போல முடித்தால் தடுப்பது. செய்யாதே என்று.

அவர் குரல் பயத்தில் உயர்ந்திருந்தது, எல்லா எழுத்துகளும் நீண்டுதான் ஒலித்தன. ஆனால் 'கிரு'வில் இருந்த எழுத்துகளோடு வைத்துப் பார்த்தால் அந்த 'ன' நீளவில்லை. குறில். வெட்டி நிறுத்திய குறில்.

"நிறுத்தாதீங்கண்ணா!" என்று பொன்னுசாமி அண்ணனைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் தலையை ஆட்டினார். "ஆகட்டும் அம்மணி, நிறுத்திப்போடறேன்!"

அவர் காதில் விழுந்தது 'நிறுத்து' மட்டும். எதிர்மறை நம் மொழியிலும் வாலில்தான் வருகிறது. அந்த வாலைக் கம்ப்ரஸர் தின்றுவிட்டது. மொரிதாவின் வாயிலிருந்து என் காதுக்குப் பிழைத்து வந்த சொல், என் வாயிலிருந்து அவர் காதுக்குப் போகும்போது செத்துவிட்டது.

மறுபடி அதையே கத்தினால் மறுபடியும் 'நிறுத்து' என்றுதான் கேட்கும். அவர் விரல்கள் பிடியை இறுக்குவது தெரிந்தது.

"கைய எடுங்கண்ணா! கைய! எடுங்க!"

என் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். பொன்னுசாமி அண்ணன் சுட்டுக்கொண்டவர் போலக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகுதான் அவருக்குத் திகைப்பு வந்தது.

"ஏனுங்க அம்மணி? மொதலாளி நிறுத்தச் சொல்றாருங்களே!"

ஏன் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஒரு காரணத்தைக் கற்பித்துச் சொல்லியிருந்தால் அவர் சீக்கிரம் நம்பியிருப்பார். ஆனால் அது தப்பான காரணமாக இருந்தால் அவர் அடுத்து என்ன செய்வார் என்று யார் கண்டது?

"தெரியலீங்கண்ணா. அவரு வேண்டாங்கறாரு. மெயினத் தொடாதீங்க, அக்கட்டால வந்துருங்க!"

அவர் முதலாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முப்பது வருஷ எலக்ட்ரீஷியன் அவர். நான் ஆபீஸில் டைப் அடிக்கிற பெண். முதலாளி இன்னும் "ஆபு" என்றுதான் அலறிக்கொண்டிருந்தார். பொன்னுசாமி அண்ணன் சுவரை விட்டு விலகி வந்தார். ஏன் என்னை நம்பினார் என்று பிற்பாடு கேட்டேன். "தெரியலைன்னு சொன்னீங்க பாருங்க. பொய் சொல்றவுங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றார்.

மொரிதா அடுத்ததைக் கத்தினார். "நான்க கமசெரோ!" ஏதோ ஒன்றைக் கடிக்க வை, என்று எனக்குக் கேட்டது. எதைக் கடிக்க வைப்பது? செல்வராஜை வலி தாங்கத் துணியைக் கடிக்கச் சொல்கிறாரா? அப்படியும் இருக்கலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். இருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு அங்கே எதையும் செய்ய முடியாது.

"வகரிமசென்!" புரியவில்லை என்று அதே சத்தத்தில் திருப்பிக் கத்தினேன்.

அவர் முகத்தில் கோபம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. வால்வை விடாமல், தாடையை மேல் தட்டின் பக்கம் உயர்த்திக் காட்டி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பிய்த்துப் பிய்த்துச் சொன்னார். தட்டு. கீழே. கட்டை. உடனே. தட்டைத்தான் கட்டையைக் கடிக்க வைக்கச் சொல்லியிருக்கிறார்.

"மேல் தட்டுக்கு முட்டுக் குடுங்க! கட்டை, இரும்பு, எதுனாலும் சரி, தட்டுக்கு அடியில!"

'முட்டு' என்ற சொல் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. இரண்டு பேர் இரும்புத் துண்டுகளையும் மரக்கட்டைகளையும் தூக்கி வந்து, செல்வராஜின் தோளுக்கு இரண்டு பக்கமும் அடுக்கினார்கள். தட்டு அசைந்தால் தங்கள் கையும் போகும் என்று தெரிந்தேதான் கையை உள்ளே விட்டார்கள். முட்டு இறுகியதும் மொரிதா வால்வை மெல்லத் திருப்பினார். மேடை பின்னால் போனது. செல்வராஜ் துவண்டு விழுந்தார். பொன்னுசாமி அண்ணன் அவரை அப்படியே தாங்கிக்கொண்டார்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. தட்டைத் தூக்கி நிறுத்தியிருந்தது காற்று. அந்தக் காற்றை வெளியேறாமல் அடைத்து வைத்திருந்தது மின்சாரம். மெயினை இறக்கியிருந்தால் காற்று போயிருக்கும். தாழ்ப்பாள் இல்லாத தட்டு செல்வராஜின் கழுத்தில் வந்து இறங்கியிருக்கும்.

முடிவு என்ன ஆனதோ என்று நீங்கள் தவிக்க வேண்டாம், சொல்லிவிடுகிறேன். கை பிழைத்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, இரண்டு விரல்கள் பிற்பாடு முழுதாக மடங்கவே இல்லை. குணமானதும் அதே பவுண்டரியில், வார்ப்பைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கும் இடத்துக்கு வந்தார். நான் வேலையை விடும்வரை அங்கேதான் இருந்தார்.

உங்கள் பாடங்களில் இல்லாத இரண்டு விஷயங்கள் இதில் இருக்கின்றன. ஆபத்து வந்தால் எல்லாரும் தங்கள் வீட்டு மொழிக்குத் திரும்பிவிடுவார்கள்; மரியாதை விகுதிகள் முதலில் உதிர்ந்துவிடும். அதனால் பணிவான வடிவங்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், திட்டுகிற மொழியையும் அதட்டுகிற மொழியையும் தேடிப் பிடித்துக் கேளுங்கள். இன்னொன்று, கேட்ட சொல்லை அப்படியே கொடுப்பது மட்டும் நம் வேலை என்று நினைக்காதீர்கள். அந்தச் சொல் எதிராளியின் காதுக்கு முழுசாகப் போய்ச் சேருமா என்பதும் நம் பொறுப்பு. 'நிறுத்தாதே' என்பதைவிடக் 'கையை எடு' நல்ல மொழிபெயர்ப்பாக இருக்கும் இடங்கள் உண்டு.

ஆனால் எல்லா இடத்திலும் நம் இஷ்டத்துக்கு மாற்றலாமா? அன்று மத்தியானமே அந்தக் கேள்வியும் வந்துவிட்டது.

செல்வராஜை உள்ளே அறுவைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலாளி, பொன்னுசாமி அண்ணன், மொரிதா, நான். செல்வராஜின் மனைவி ஸ்டெல்லா ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்கிறவர். சேலைக்கு மேல் மில் கோட்டோடு, தலையில் பஞ்சு ஒட்டியபடி ஓடி வந்தார். டாக்டரிடம் பேசிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அழவில்லை.

மொரிதா அவர் எதிரில் போய் நின்று இடுப்பு வரை குனிந்தார். குனிந்தபடியே பேசினார். மரியாதை விகுதிகள் எல்லாம் திரும்பி வந்திருந்தன, எனக்குப் பாதி தெரியாத அளவுக்கு உயர்ந்த மரியாதை. புரிந்ததைச் சொன்னேன். "திருப்பிச் சரிபண்ண முடியாத காரியம் நடந்து போச்சுங்க, என்னாலதான்னு சொல்றாரு. மன்னிப்புக் கேக்கறாருங்க."

அவர் நிமிரவில்லை. ஸ்டெல்லா அந்த நரைத்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"ஏனுங்க, இவுரு இப்பிடிக் குனிஞ்சு நின்னா எங்கூட்டுக்காரரு கை நேராயிருங்களா? கேட்டுச் சொல்லுங்க."

முதலாளி என் பக்கம் சாய்ந்தார். "அம்மணி, அத அப்பிடியே சொல்ல வேண்டாமுங்க. நல்லபடியாப் பேசுனாங்கன்னு சொல்லிருங்க. மனசு ஒடஞ்சு இவுரு ஊருக்குக் கெளம்பிட்டா மெஷின் கெடையில கெடக்குமுங்க."

அவர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் கேட்காமலே ஏற்றுக்கொண்டவர். என் சம்பளமும் அவர் கையில்தான் இருந்தது. நான் மாற்றிச் சொன்னால் அந்த வராந்தாவில் யாருக்கும் தெரியப்போவதில்லை. காலையில் நானே ஒரு வாக்கியத்தை மாற்றினேன்தான். அது மொரிதாவின் எண்ணம் பொன்னுசாமி அண்ணனிடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. இப்போது மாற்றினால் ஸ்டெல்லாவின் எண்ணம் மொரிதாவிடம் போகாமல் இருப்பதற்காக. இந்த வித்தியாசம் அன்று இவ்வளவு தெளிவாக எனக்குத் தோன்றியது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அதுதான் தெரிந்தது.

ஸ்டெல்லா கேட்டதை அப்படியே ஜப்பானிய மொழியில் சொன்னேன். அவர் போட்ட 'ங்க'வையும் விடாமல்.

மொரிதா மெல்ல நிமிர்ந்தார்.

"நவோரிமசென்" என்றார் மொரிதா.

"ஆகாதுங்கறாருங்க" என்றேன்.

அவர் தொடர்ந்தார். வாக்கியம் முடிகிற வரை காத்திருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். "காலையிலயே வேண்டாம்னு நேராச் சொல்லியிருக்கோணும், இழுத்துட்டு நின்னுட்டேங்கறாரு. தாழ்ப்பாள் வந்து மாட்டுற வரைக்கும் அந்த மெஷினத் தொட மாட்டேன், யாரையும் தொட விட மாட்டேங்கறாரு. மொதலாளிகிட்டயும் சேத்துத்தான் சொல்றேங்கறாருங்க."

முதலாளி எதையோ சொல்ல வாயெடுத்தார். ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆகட்டுமுங்க" என்று மட்டும் சொன்னார். மறுநாள் வருவதாக இருந்தவர்களை வர வேண்டாம் என்று சொல்லப் போன் இருக்கும் இடத்தைத் தேடிப் போனார்.

மொரிதா நின்றுகொண்டே இருந்தார். அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் வால்வின் தடம் சிவப்பாகக் கன்றிப்போயிருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன், ஸ்டெல்லாவும் பார்த்தார்.

"உக்காரச் சொல்லுங்க" என்றார் ஸ்டெல்லா.

சொன்னேன். மொரிதாவுக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் போல, என்னைப் பார்த்தார். ஸ்டெல்லா மில் கோட்டை மடியில் இழுத்துக்கொண்டு, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.